ரெண்டு மூடி பிராந்தி - ஒரு சின்ன வரலாறு

போன தடவை கூட்டு வட்டியைப் பற்றி எழுதி உங்கள் எல்லோரையும் தூங்க வைத்தேன். இந்தத் தடவை பி.காம். பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். (கடைசியில் சுற்றிச் சுற்றி வரி, வருமானம் என்று அங்கேயே போய் முட்டிக்கொண்டது. விதி!)

எங்கள் அக்கா ஏழு மாதக் கர்ப்பம். வளைகாப்பு முடிந்து ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த வாரமே நல்ல மழை. அக்காவுக்கு சளி, இருமல், ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் எதிர்வீட்டுப் பெரியம்மா முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். பார்த்தால் ஒரு குவார்ட்டர் பாட்டில், பிராந்தி!

"வெந்நீர்ல ரெண்டு மூடி ஊத்திக் குடும்மா. சளி கரைஞ்சிடும். உள்ள இருக்கிற புள்ளைக்கும் கதகதப்பா இருக்கும்."

சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. எங்கள் ஆயாவும் தலையாட்டினாள். ஆயா நாற்பது வருடம் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் திருவொற்றியூர் வரை நடந்து விற்றவள். "நாங்கெல்லாம் குட்ச்சோம், இன்னா கெட்டுப் பூட்ச்சு?" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் காலேஜ் போகிற ஒரே ஆள் நான் என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட். "டாக்டரைக் கேட்டுட்டுக் குடிக்கா" என்று தப்பித்தேன்.

டாக்டரம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு சொட்டுகூட வேண்டாம், நீராவி பிடி, இருமல் குறையாவிட்டால் திரும்பி வா. அவ்வளவுதான். ஆனால் எனக்கு விடவில்லை. இவ்வளவு தெளிவான விஷயம் என்றால் எங்கள் தெருவில் ஏன் யாருக்கும் தெரியவில்லை? எதிர்வீட்டுப் பெரியம்மா நாலு பிள்ளை பெற்றவர். ஆயா ஆறு பெற்றவள். இருவருக்கும் யாரும் சொல்லவே இல்லையா? அப்படி ஆரம்பித்து லைப்ரரி, நெட் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. படித்ததை இங்கே கொட்டுகிறேன்.

முதலில் லண்டன். 1720களில் அங்கே ஜின் என்ற மலிவுச் சாராயம் ஆறாக ஓடியது. தெருவுக்குத் தெரு கடை. ஆண்களோடு சேர்ந்து ஏழைப் பெண்களும் குடித்தார்கள். 1726ல் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ், அதாவது டாக்டர்களின் சங்கம், பாராளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தது. இந்தச் சாராயத்தால் பிள்ளைகள் நோஞ்சானாகவும் நோயாளியாகவும் பிறக்கிறார்கள் என்பது அதில் ஒரு புகார். கிட்டத்தட்ட 300 வருடம் முன்னால்! ஆனால் ஜின் செய்யத் தானியம் வேண்டும், தானியம் விற்கிறவர்கள் பெரிய நிலக்காரர்கள், அரசுக்கு வரி வேறு வருகிறது. 1729, 1736, 1751 என்று சட்டம் மேல் சட்டமாகப் போட்டுத்தான் ஓரளவு அடக்கினார்கள்.

1751ல் ஹோகார்த் என்ற ஓவியர் "ஜின் லேன்" என்று ஒரு படம் வரைந்தார். குடிபோதையில் ஒரு தாய், அவள் கையிலிருந்து நழுவி விழும் குழந்தை. ரொம்பப் புகழ் பெற்ற படம். டாக்டர்களின் மனுவையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனு சாராயத்தைக் குற்றம் சொல்கிறது. படத்தைப் பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது "கெட்ட அம்மா". இந்த இரண்டு பேச்சும் அன்றிலிருந்து இன்று வரை ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டே வருகின்றன. சங்கடமே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து லிவர்பூல். இதுவும் நம்ம ஊர் மாதிரி துறைமுக ஊர். அங்கே சிறையில் டாக்டராக இருந்தவர் வில்லியம் சல்லிவன். குடித்துவிட்டு அடிக்கடி உள்ளே வரும் பெண்களின் பிரசவக் கதையை உட்கார்ந்து கேட்டு எழுதி, 1899ல் வெளியிட்டார். 120 பெண்கள், அவர்களுக்குப் பிறந்த 600 பிள்ளைகள். அதில் பாதிக்கு மேல், 335 பிள்ளைகள், இறந்தே பிறந்தன அல்லது இரண்டு வயதுக்குள் இறந்துவிட்டன. வறுமைதானே காரணம் என்று யாராவது கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் 21 பெண்களை எடுத்து, அவர்களுடைய சொந்தக்காரப் பெண்களில் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டார். அதே குடும்பம், அதே ஏழ்மை. குடித்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 55 சாவு, குடிக்காதவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 24. (ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறவர்களே, இதைத்தான் கண்ட்ரோல் குரூப் என்கிறார்கள்!)

இன்னொன்றையும் அவர் கவனித்தார். கர்ப்பத்தின்போது சிறையில் அடைபட்டதால் குடிக்க முடியாமல் போன சிலருக்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளை பிறந்தது. ஜெயில் சோறு தின்று! அதாவது ஒரு பெண் நேற்று வரை குடித்தாள் என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. இன்று நிறுத்தினால் பிள்ளைக்கு அந்த அளவு நல்லது.

இவ்வளவு தெரிந்த பிறகு உலகம் திருந்தியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். அமெரிக்காவில் 1920ல் மதுவிலக்கு வந்தது, 1933ல் போனது. மதுவிலக்குக் கூட்டத்தார் பாவம், நரகம், ஒழுக்கம் என்று மேடை போட்டுப் பேசிய பேச்சில் இந்த மருத்துவ உண்மையும் கலந்து கிடந்தது. மக்கள் மதுவிலக்கை வெறுத்து ஒதுக்கியபோது இதையும் சேர்த்து மூட்டை கட்டிப் போட்டுவிட்டார்கள். அதெல்லாம் பிரசங்கிகளின் கட்டுக்கதை என்று 1940களில் படித்தவர்களே எழுதினார்கள்.

அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. 1967ல் நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், குறைமாதத்தில் வலி வந்த பெண்களுக்குப் பிரசவத்தைத் தள்ளிப்போட ஒரு வழி சொன்னார். என்ன தெரியுமா? ஆல்கஹாலை டிரிப்ஸ் மாதிரி நரம்பில் ஏற்றுவது! 1970களில் பல ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்தார்கள். கர்ப்பிணிகள் கட்டிலிலேயே போதையாகி வாந்தி எடுத்தார்கள். பிறகு வேறு மருந்துகள் வந்ததும் இது ஒழிந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாவைத் திட்ட வந்தவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். அவர் சொன்னது ரெண்டு மூடிதான். :)

அதே சமயத்தில் பிரான்சில் நாந்த் என்ற ஊரில் (இதுவும் துறைமுகம்தான், நானாக தேடிப் பிடிக்கவில்லை) போல் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கிற தாய்மார்களின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உறவே இல்லாதபோதும் முகஜாடையில் ஒத்திருக்கிறார்கள். 127 பிள்ளைகளைப் பற்றி 1968ல் எழுதினார். அதற்கு முன்பே 1957ல் பாரிசில் ஜாக்லின் ருக்கெத் என்ற பெண் தன் ஆய்வேட்டில் இதைத் தொட்டிருந்தார். இரண்டும் பிரெஞ்சில் இருந்தன. லெமுவானின் கட்டுரை ஒரு வட்டாரப் பத்திரிகையில் வந்தது. வெளியே யாரும் படிக்கவில்லை. (தமிழில் எழுதுகிற நமக்கு இந்த வலி தெரியும்!)

பிறகு சியாட்டில். இதுவும் துறைமுகம், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே கிறிஸ்டி உல்லேலண்ட் என்ற இளம் டாக்டர், எவ்வளவு பால் கொடுத்தாலும் எடை ஏறாத சில குழந்தைகளின் கேஸ் தாள்களைப் புரட்டும்போது, அம்மாக்கள் பலர் குடிப்பவர்கள் என்பதைக் கவனித்தார். கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு டாக்டர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளை நேரில் பார்த்து, 1973ல் லான்செட் என்ற பிரபல மருத்துவப் பத்திரிகையில் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அதே வருடம் அதற்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1726க்கும் 1973க்கும் நடுவில் 247 வருடம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். தாய் குடிக்கும் ஆல்கஹால் நஞ்சுக்கொடியைச் சுலபமாகத் தாண்டிவிடும். கொஞ்ச நேரத்தில் தாயின் ரத்தத்தில் இருக்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட பிள்ளையின் ரத்தத்திலும் இருக்கும். நமக்காவது அதை முறிக்கக் கல்லீரல் இருக்கிறது, பிள்ளையின் கல்லீரல் இன்னும் வேலைக்கே சேரவில்லை. பனிக்குடத் தண்ணீரிலும் அது தங்கும். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது, அதனால் எந்த மாதமும் பத்திரமான மாதம் இல்லை. முகம் உருவாவது முதல் சில மாதங்களில்தான். அப்போது பட்டால் சின்னக் கண், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளம் இல்லாத வழவழப்பு, மெல்லிய மேலுதடு. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எதுவுமே தெரியாது. ஞாபக மறதி, கணக்கு வராது, ஒரு இடத்தில் உட்கார முடியாது, சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதற்கு "மக்கு" என்று பெயர்.

பீர், ஒயின், கள், பிராந்தி எல்லாவற்றிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான். இவ்வளவு வரைக்கும் குடிக்கலாம் என்று ஒரு பத்திரமான அளவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரெண்டு மூடி குடித்த எல்லோருக்கும் பிள்ளை பாதிக்கும் என்று அர்த்தமில்லை. கர்ப்பத்தில் குடித்த பெண்களில் சுமாராக 13 பேரில் ஒருவரின் பிள்ளைக்குப் பாதிப்பு வருகிறது என்று உலக அளவில் 2017ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. வந்த பிறகு குணமாக்கும் மருந்தும் கிடையாது. சின்ன வயதிலேயே தெரிந்தால் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து நிறைய உதவலாம், அவ்வளவுதான்.

1981ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் கர்ப்பிணிகள் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார். 1989 முதல் அங்கே ஒவ்வொரு பாட்டிலிலும் கர்ப்பம் பற்றிய எச்சரிக்கை அச்சாகிறது. பிரான்சில் 2007லிருந்து, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2023லிருந்து கட்டாயம். 1999 செப்டம்பர் 9 அன்று, அதாவது ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி, காலை 9 மணி 9 நிமிடத்துக்கு மணி அடித்து இதற்கென ஒரு நாளை ஆரம்பித்தார்கள். ஒன்பது மாதத்துக்கு ஒன்பது. ஆரம்பித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, இப்படிப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்த பெற்றோர்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

மதராஸ் அப்காரிச் சட்டம் 1886ல் வந்தது. கள், சாராயம் விற்கிற உரிமை அரசிடம், அதிலிருந்து வருமானம் மாகாணத்தின் பெரிய தூண்களில் ஒன்று. அதற்கு ஆறு வருடம் முன்னால், 1880ல், ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. நாங்கள் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று சொல்வது அதைத்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிறந்தது அங்கேதான், நான் உட்பட. சாராயமும் பிரசவமும் இப்படி ஒரே பேட்டையில் நூறு வருடத்துக்கு மேல் அக்கம்பக்கமாக இருந்திருக்கின்றன. சாராயத்தைப் பற்றிப் பேசியவர்களும் ஏராளம். ஆனால் பேசியது யாரைப் பார்த்து?

1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமானம் போச்சே, என்ன செய்வது? 1939ல் பொது விற்பனை வரி போட்டார், இந்தியாவிலேயே முதல் முறையாக. நாம் செமஸ்டருக்கு உருப்போடும் ஜி.எஸ்.டி.யின் கொள்ளுத்தாத்தா பிறந்தது கள்ளுக்கடையை மூடியதால்தான்! (குடிக்கிற மது இன்றும் ஜி.எஸ்.டி.க்கு வெளியேதான் நிற்கிறது, கொள்ளுத்தாத்தாவோடு பழைய பகை போல.) 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971ல் தளர்த்தினார்கள், 1973, 74ல் கள், சாராயக் கடைகளை மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள், 1983ல் டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடையும் அரசே. 2023-24ல் அதன் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய்.

இந்த வரலாறு முழுக்க ஒரே ஒரு காட்சிதான். ஆண் கடைக்கு உள்ளே, பெண் கடைக்கு வெளியே. அவள் மறியல் செய்கிறாள், அல்லது அடி வாங்குகிறாள், அல்லது தாலியை இழக்கிறாள். அவள் வாயிலும் எப்போதாவது மது போகும் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நினைப்பதே அவமானம். கடை போர்டிலும் பாட்டிலிலும் "மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு" என்று எழுதியிருப்பதை எத்தனை தடவை பார்த்திருப்போம்? நாடு இருக்கிறது, வீடு இருக்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளை இல்லை. 2019 ஏப்ரல் முதல் மத்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி இந்தியா முழுக்க ஒரு எச்சரிக்கை வந்தது. மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்பது அதன் சாரம். வண்டி ஓட்டுகிறவன் இருக்கிறான், கர்ப்பிணி அதிலும் இல்லை.

நம் பெண்கள் குடிப்பதில்லையே, பிறகு எதற்கு என்று கேட்கலாம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் குடிப்பவர்கள், பெண்களில் 0.3 சதவீதம். தெலங்கானாவில் பெண்கள் 6.7, அருணாசலப் பிரதேசத்தில் நூற்றுக்கு 24 பேர். நம்ம 0.3 ரொம்பச் சின்னதுதான். ஆனால் தமிழ்நாட்டில் வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் பிரசவம். 0.3 என்று வைத்தாலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்கள். (இது என் நோட்டில் போட்ட தோராயக் கணக்கு, ஆராய்ச்சி இல்லை.) கதவைத் தட்டி "நீங்க குடிப்பீங்களா?" என்று மாமியார் எதிரில் கேட்டால் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? அதைவிட முக்கியம், எங்கள் ஆயாவைக் கேட்டால் "சீச்சீ, இல்ல" என்பாள். பொய் சொல்ல மாட்டாள். அவள் கணக்கில் ரெண்டு மூடி பிராந்தி குடி இல்லை, அது மருந்து.

அது எப்படி மருந்தானது? மதுவிலக்குக் காலத்திலேயே உடல்நலக் காரணத்துக்காக என்று பர்மிட் வாங்கிக் குடிக்க வழி இருந்தது. இங்கிலீஷ் டாக்டர்கள் ஒரு காலத்தில் பலவீனத்துக்கு பிராந்தியும் ஒயினும் எழுதிக் கொடுத்தவர்கள்தான். இங்கிலாந்தில் குழந்தைகளுக்குக் கொடுத்த கிரைப் வாட்டரிலேயே ஆல்கஹால் இருந்தது, 1992ல்தான் அங்கே எடுத்தார்கள். சாராயம் கெட்டது, பிராந்தி மருந்து என்ற பிரிவினை இப்படித்தான் நம் பாட்டிகள் தலையில் ஏறியிருக்கும் என்பது என் ஊகம். நாட்டு மருந்திலும் சில அரிஷ்டங்களில் புளிக்க வைக்கும்போது தானாகவே ஆல்கஹால் உண்டாகும். அதையும் கர்ப்பிணிகள் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

மருந்தென்று மட்டும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஐஸ் தண்ணீரில் கை வைத்து மீன் அள்ளுகிற வேலையில் ஒரு மடக்கு உள்ளே போனால் குளிர் தெரியாது, இடுப்பு வலி தெரியாது. இதை எனக்குச் சொன்னதும் ஆயாதான். இந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவைச் சொல்லியாக வேண்டும். அங்கே கேப் பகுதி திராட்சைத் தோட்டங்களில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள். டாப் முறை என்று பெயர். தலைமுறை தலைமுறையாக ஆணும் பெண்ணும் அதில் மூழ்கினார்கள். சட்டம் போட்டு நிறுத்திய பிறகும் பழக்கம் போகவில்லை. 1997ல் அங்கே ஒரு ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு 40க்கு மேல் இந்தப் பாதிப்போடு இருந்தார்கள். அன்று வரை உலகில் எங்கேயும் பதிவாகாத அளவு. கூலியை மதுவாகக் கொடுக்கக் கூடாது, சாராயக் கடையில் வைத்துச் சம்பளம் பட்டுவாடா செய்யக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949லேயே ஒப்பந்தம் போட்டது. லேபர் லா பேப்பரில் இதைப் படித்தபோது இப்படியெல்லாம்கூட ஒரு விதி வேண்டுமா என்று சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

யார் சொன்னால் கேட்பார்கள்? எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் மூன்று மணி நேரத்தில் நெல்லூர். எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு அங்கே சொந்தம் உண்டு. அந்த மாவட்டத்தில் தூபகுண்டா என்ற கிராமத்தில் முதியோர் கல்வி வகுப்பு நடந்தது. பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாராயக் கடையை மூடிய கதை. எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் நாமும் செய்தால் என்ன என்று கிளம்பிவிட்டார்கள். 1992ல் அது ஆந்திரா முழுக்கப் பரவியது, 1993 அக்டோபர் 1 அன்று அங்கே சாராயத்துக்குத் தடை வந்தது. ஒரு பாடம்! அதுவும் அவர்கள் வாழ்க்கையை அவர்கள் மொழியில் சொன்ன பாடம். போர்டு எத்தனை வருடமாகத் தொங்குகிறது, அதை யாராவது எழுத்துக் கூட்டிப் படித்திருப்பார்களா?

நம்மிடம் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து, வளையல் போட்டு, கலவை சாதம் கொடுத்து, சத்துணவு பற்றிப் பேசுகிறார்கள். மாமியார், அம்மா, எதிர்வீட்டுப் பெரியம்மா எல்லோரும் அங்கே வருகிறார்கள். "சளிக்குப் பிராந்தி வேண்டாம்" என்று ஒரு வரி அங்கே சேர்த்தால் போதும். "குடிக்காதே" என்றால் நம்மைச் சொல்லவில்லை என்று அவர்கள் கேட்காமல் போய்விடுவார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி ஆயாவிடம் உட்கார்ந்து சொன்னேன். சாதாரணமாக என்னைப் பேச விட மாட்டாள், அன்று முழுக்கக் கேட்டாள். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "அப்ப சின்னவனுக்கு?" என்றாள்.

சின்னவன் என்றால் என் சின்ன மாமா. மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறார். கணக்கு நிற்காது, சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் தெரியாது, அதனால் வாரக் கூலியை ஆயாவே போய் வாங்குவாள். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவர் வயிற்றில் இருந்தபோது ஆயாவுக்கு ஜன்னி மாதிரிக் காய்ச்சல், வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது, மாமியார் தினம் ராத்திரி கிளாசில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அது காரணமா, காய்ச்சல் காரணமா, சோறில்லாதது காரணமா, வீட்டிலேயே நடந்த பிரசவம் காரணமா, யாராலும் சொல்ல முடியாது. "தெரியாது ஆயா" என்றேன். அதுதான் உண்மை. "யாரும் சொல்லலியேடா" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை.

போன வாரம் அக்காவோடு சுகாதார நிலையத்துக்கு நானும் போனேன். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, இரும்புச் சத்து மாத்திரை தின்றாயா, எல்லாம் கேட்டார் நர்சம்மா. இந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. அக்காவே ஆரம்பித்தாள். "சளிக்கு பிராந்தி குடிக்கச் சொல்றாங்க மேடம், எங்க தெருவுல நிறைய பேர் சொல்றாங்க." நர்சம்மா அட்டையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "நீயே கேட்டியே, ரொம்ப நல்லதா போச்சும்மா. நாங்க கேட்டா குடும்பத்தோட அடிக்க வருவாங்க" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற பெண்களையும் பார்த்து, கொஞ்சம் குரலை உயர்த்தி, வேண்டாம் என்று சொன்னார். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பாட்டி "அந்த மூலிகை டானிக்கு குடிக்கலாமா?" என்று கேட்டார். பாட்டிலைக் கொண்டு வாங்க, பார்த்துச் சொல்கிறேன் என்றார் நர்சம்மா.

எதிர்வீட்டுப் பெரியம்மா இரண்டு நாள் கழித்து சளி எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தார். ஆயா அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, நான் சொன்னதில் பாதியை மறந்து, மீதியை மாற்றி, லிவர்பூலை ரங்கூன் ஆக்கி, ஆனால் விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட்டாள். அந்தக் குவார்ட்டர் பாட்டில் இன்னும் எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் பெரியம்மா மனசு கஷ்டப்படும், வெளியே வைத்தால் அப்பா கண்ணில் பட்டுவிடும்.